கணக்குப் பீரியடில் பாட்டு

ஜூன் 9

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். சளி, இருமல் ஒன்றும் இல்லையே? ஹாஸ்டல் மாடிப்படியில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாயே, அது ஆறிவிட்டதா? நான் சுகம். அப்பாவை ராத்திரிக் காவலிலிருந்து பகல் காவலுக்கு மாற்றிவிட்டார்களாம். அம்மா முகத்தில் சிரிப்பு வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் போனில் சொன்னார்.

எனக்கும் வேலை கிடைத்துவிட்டது. ஒரு டியூஷன் சென்டரில், கணக்குப் பாடத்துக்கு. கீழே பைக் ரிப்பேர் கடை, மேலே நாங்கள். ஒரே ஹால், நிறைய பெஞ்சு, முன்னால் ஒரு மைக். நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கீழே இன்ஜினை முறுக்கினால் மேலே மாஸ்டர் மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்துக்கொள்கிறார். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம், கேட்டில் வண்டியை நிறுத்தி வழி கேட்கிறவர்களிடம்கூட.

ஒன்பதாவது எப்படி இருக்கிறது? கண் தெரியாத பிள்ளைகளையும் மற்றவர்களோடு ஒரே வகுப்பில்தான் உட்காரவைக்கிறார்கள் என்றாய். ஈடுகொடுக்க முடிகிறதா? வேண்டியதைச் சொல்.

வார்டன் அம்மாவுக்கு என் வணக்கம். இதை அவளுக்குப் படித்துக்காட்டுவதற்கும் அவள் சொல்வதை எழுதி அனுப்புவதற்கும் நன்றி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜூன் 24
(வார்டன் கையெழுத்தில்)

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமுடன் இருக்கப் பிரார்த்திக்கிறேன். ‘பிரார்த்திக்கிறேன்’ வார்டன் அம்மா போட்டது. நான் சொன்னது, எப்படி இருக்கே. இதையும் எழுதுங்கள் என்றேன், எழுதுகிறார்.

முட்டி ஆறிவிட்டது. பொருக்கை நானே பிய்த்தேன். (பிய்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். - வார்டன்)

பள்ளிக்கூடம் நன்றாக இருக்கிறது. தமிழ், சரித்திரம், அறிவியல் எல்லாம் மற்றவர்களோடு. கணக்குப் பீரியடில் மட்டும் ஹாஸ்டல் பெண்களைப் பாட்டு அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். எங்களுக்குக் கணக்கு கிடையாது. (பார்வையில்லாதவர்களுக்குப் பத்தாவது பரீட்சையில் கணக்கிலிருந்து விலக்கு உண்டு. அரசாங்கம் கொடுத்த சலுகை. பள்ளி எதையும் தடுக்கவில்லை. - வார்டன்)

எனக்குப் பாட்டு வராது. பாட்டு சாருக்கும் அது தெரியும். “நீ தாளம் மட்டும் போடும்மா, அதுவும் மெதுவா” என்கிறார்.

இன்னும் சொல்ல இருக்கிறது. ஆனால் நான் சொல்லச் சொல்ல வார்டன் அம்மா மூச்சுவிடுகிற சத்தம் பெரிதாகிறது. நிறுத்திக்கொள்கிறேன்.

என் அக்கா டீச்சர் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

வாலு

(மாணவி நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். - வார்டன்)


ஜூலை 20
(புள்ளி எழுத்தில்)

வாலு,

நான் சுகம். நீ?

இதை யாரும் உனக்குப் படித்துக்காட்ட வேண்டாம். பிரெயில் சிலேட்டும் குத்தூசியும் வாங்கினேன். கூடவே ஓர் அட்டை. அதில் எல்லா எழுத்தும் புள்ளி புள்ளியாகப் போட்டிருந்தது. அதைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். விரல் வீங்கிவிட்டது. அதனால்தான் குட்டிக் குட்டி வாக்கியம்.

எங்கள் எழுத்தில் ‘கொ’ போட முன்னால் ஒரு கொம்பு வேண்டும், பின்னால் ஒரு கால் வேண்டும். உங்கள் எழுத்தில் முதலில் க், பிறகு ஒ. வாயில் வருகிற வரிசை. உங்களுடையதுதான் ஒழுங்கு.

அன்று நிறுத்திக்கொண்டதைச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 3
(புள்ளி எழுத்தில்)

அக்கா,

நீ சுகமாக இருக்க வாய்ப்பே இல்லை. விரல் வீங்க வீங்க முழுத்தாளையும் தப்புப் பக்கமாகக் குத்தியிருக்கிறாய்.

தாள் வந்ததும் தடவினேன். ஒன்றும் புரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரியிடம் கொடுத்தேன். அவளுக்கு வாய் மூடாது, அதனால் ரேடியோ என்று பெயர். “உங்க அக்கா தூக்கத்துல குத்திருக்காங்கடி” என்றாள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுதான் பிடிபட்டது. அக்கா, நாங்கள் தாளின் பின்பக்கத்தில் குத்துகிறோம். புள்ளி முன்பக்கம் மேடாக வரும். தாளைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். திருப்பினால் இடது வலதாகிவிடும், இல்லையா? அதனால் குத்தும்போதே வலப்பக்கம் தொடங்கி, ஒவ்வோர் எழுத்தையும் மாற்றிப்போட்டுக்கொண்டு இடப்பக்கம் போக வேண்டும். நீ அட்டையில் இருந்ததை அப்படியே இடமிருந்து வலமாகக் குத்திவிட்டாய்.

இருந்தாலும் படித்துவிட்டேன். எழுதும்போது என் கை போகிற வழியிலேயே உன் கடிதம் வந்திருந்தது. அதனால் எழுதுகிற கையை நினைத்துக்கொண்டே விரலை ஓட்டினேன். டீச்சர் வைத்துக்கொள்ளாமல் கற்றால் இப்படித்தான் என்கிறாள் ரேடியோ. அவங்களே டீச்சர்தாண்டி என்று சொல்லி வாயை அடைத்தேன்.

இனி வார்டன் மூச்சு இல்லை. சொல்கிறேன். எனக்குக் கணக்கு வேண்டும்.

பாட்டு அறைக்கும் எங்கள் வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சார் பெட்டியில் சுருதி சேர்க்கிற நேரத்தில் நான் சுவரில் சாய்ந்துகொள்வேன். கணக்கு மிஸ் நடத்துவது கேட்கும். “இதையும் இதையும் கூட்டினா இது” என்பார். எதையும் எதையும் என்று தெரியாது. அப்படியும் பாதி புரிகிறது. கணக்கில்லாமல் பத்தாவது முடித்தால் எனக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? பாட்டு, பிரம்பு நாற்காலி பின்னுவது, டெலிபோன் எடுப்பது. நான் வங்கியில் வேலை பார்க்க வேண்டும். பரீட்சையில் நான் சொல்லச் சொல்ல எழுத ஆள் தருவார்கள், அதனால் எழுதுவது கஷ்டமில்லை. கேட்டால், “சும்மாவே பாஸ் போட்டுடுவாங்களேம்மா, ஒனக்கெதுக்கு இந்தத் தலைவலி” என்கிறார்கள். தலை என்னுடையது.

பத்தாவதுக்கு எந்தெந்தப் பாடம் என்று டிசம்பருக்குள் பதிய வேண்டும். அதற்குள் கற்றுக்கொண்டு காட்ட வேண்டும். யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். நீ புத்தகத்தைக் குத்தி அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த முறை வலப்பக்கத்திலிருந்து.

உன் வகுப்பில் நிறையப் பேரா? உன்னைக் கண்டால் பயப்படுகிறார்களா?

வாலு


ஆகஸ்ட் 25
(புள்ளி எழுத்தில்)

அன்புள்ள வாலுக்கு,

இந்தக் கடிதத்தை ஒழுங்கான பக்கத்தில் தடவிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகம். விரலில் தழும்பு விழுந்துவிட்டது, இனி வலிக்காது. உனக்கு மாத்திரை ஏதும் மாற்றினார்களா? எழுது.

முதல் இரண்டு பாடம் இத்துடன் வருகிறது. இரண்டாவது பாடம் வரைபடம், அதாவது கிராஃப். எழுத்தைத் திருப்பிக் குத்தக் கை பழகிவிட்டது. படத்துக்கு அந்தத் தொல்லைகூட இல்லை. புத்தகப் பக்கத்தைத் தாளின் மேல் வைத்து, கோட்டின் மேலேயே ஊசியால் குத்திக்கொண்டு போனேன். எண்களை மட்டும் பிறகு சிலேட்டில் வைத்துப் போட்டேன். ‘படத்தைப் பார்க்க’ என்று புத்தகம் சொல்கிற இடத்தில் படத்தைத் தடவு.

ஆனால் யாரும் சொல்லித்தர வேண்டாம் என்கிறாயே, அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் பிறந்தவள் நான். மூன்றாவதில் ஒரு டீச்சர் என் நோட்டைப் பிடுங்கி, “நீ எட்டை ரெண்டு வட்டமா அடுக்குற, பொம்மை செய்யுற மாதிரி. ஒரே இழுப்புல போடு” என்று கையைப் பிடித்து இழுக்கவில்லை என்றால் இன்றும் பொம்மைதான் செய்துகொண்டிருப்பேன். தப்பென்றே தெரியாமல் செய்கிற தப்பு ஒன்று இருக்கிறது, வாலு. அதைப் புத்தகம் சொல்லாது.

அதேசமயம் இங்கே நடப்பதையும் மறைக்க முடியாது. மாஸ்டர் “புரிஞ்சுதா” என்று கேட்டால் “புரிஞ்சுது மாஸ்டர்” என்று ஹாலே அதிரும். தடுப்புச் சுவர் தாண்டிக் கேட்கும். பிறகு மாதிரி விடைகளை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். கேள்வியில் ஆப்பிளுக்குப் பதிலாகப் பென்சில் வந்துவிட்டால் தேர்வு அறையிலேயே அழுகிறார்கள். ஆகவே டீச்சர் இருந்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை.

என் வகுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே நல்ல மழை. துணி காயவே இல்லை.

அக்கா


செப்டம்பர் 28
(புள்ளி எழுத்தில்)

அக்கா,

காய்ச்சல் இல்லை, முட்டி சரி, மாத்திரை மாறவில்லை. கேட்பாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வரைபடம் எனக்கு முழுசாக வந்துவிட்டது. இது இவ்வளவு லேசானது என்று ஏன் யாரும் சொல்லவில்லை? நடுவில் இரண்டு கோடு வெட்டிக்கொள்கிற இடத்தில் விரலை வைக்க வேண்டும். ஒரு பக்கம் கூட்டல் எண்கள், மறுபக்கம் கழித்தல் எண்கள். எண்ணைச் சொன்னால் விரல் தானாகப் போகிறது. படத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எவன் சொன்னான்? எனக்குக் கட்டிலில் படுத்துக்கொண்டே போர்வைக்குள் வரைபடம் ஓடுகிறது. ரேடியோவுக்கும் சொல்லிக்கொடுத்தேன். அவளும் என்னை மாதிரியே சரியாகச் சொல்கிறாள். ஆக, நான் டீச்சருமாகிவிட்டேன், டீச்சரில்லாமல்.

மூன்றாவதில் உன் கையைப் பிடித்து இழுத்த டீச்சர் நல்லவர்தான். ஆனால் என் கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் எல்லோரும் பாட்டு அறைக்குத்தான் இழுக்கிறார்கள். அதற்கு என் கையை நானே வைத்துக்கொள்வேன்.

கணக்கு மிஸ்ஸை வராந்தாவில் மறித்தேன். பவுடர் வாசனையை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம். “என்னையும் பரீட்சை வைங்க மிஸ்” என்றேன். “ஏம்மா, ஒனக்கு நான் பாடமே நடத்தலையே” என்றார். “அதான் மிஸ், நடத்தலைன்னாலும் வருதான்னு பாருங்க.” சிரித்தார். காலாண்டுத் தேர்வு அன்றைக்கு வகுப்பில் வாயால் கேள்வி கேட்பாராம். ஹெச்.எம்.மும் வருவாராம்.

ஒன்று கேட்க வேண்டும். தடுப்புச் சுவர் தாண்டிக் கேட்கும் என்று எழுதியிருந்தாய். நானும் சுவர் தாண்டிக் கேட்கிறவள், அதனால் கேட்கிறேன். நீ சுவருக்கு எந்தப் பக்கம் இருக்கிறாய்?

வாலு


அக்டோபர் 22
(வார்டன் கையெழுத்தில்)

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமுடன் இருக்கப் பிரார்த்திக்கிறேன். காலாண்டுத் தேர்வு முடிந்தது. இனிப் புத்தகம் அனுப்ப வேண்டாம். பாட்டு நன்றாகப் போகிறது.

வாலு

(கணக்கில் கேட்டதற்கெல்லாம் தவறான பதில் சொன்னாள். மற்ற மாணவிகள் சிரித்துவிட்டார்கள். சிலேட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டாள். அவள் சொல்லாமல் நானாக எழுதுகிறேன். - வார்டன்)


அக்டோபர் 31
(புள்ளி எழுத்தில்)

வாலு,

நீ நலமில்லை. ‘பிரார்த்திக்கிறேன்’ என்பதை நீ அப்படியே விட்டபோதே தெரிந்துவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில்: நான் சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன். ஹாலுக்குப் பின்னால் பிளைவுட் அடித்த ஓர் அறை. மாதிரி விடைகள் எழுதுவதுதான் என் வேலை. வேலைக்கு வந்த முதல் வாரம் என்னை மைக் முன்னால் நிற்கவைத்தார்கள். “கடைசி பெஞ்சுக்குக் கேக்கலையேம்மா, மைக் இருந்தும் கேக்கலைன்னா என்ன பண்றது” என்றார் மாஸ்டர். பின்னால் அனுப்பிவிட்டார். நீ எல்லோரிடமும் டீச்சர் என்று சொல்லிவிட்டாய், எனக்கு மறுத்து எழுத வாய் வரவில்லை. இனி எந்த வகுப்பு என்று கேட்காதே.

இப்போது நான் கேட்கிறேன். மிஸ் என்ன கேட்டார்? நீ என்ன சொன்னாய்? எல்லாம் தப்பு என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகலாம். எப்படித் தப்பு என்று சொல்ல வேண்டாமா? அப்படிச் சொல்வதற்குத்தானே அவருக்கு அங்கே நாற்காலி போட்டிருக்கிறார்கள். நான் அனுப்பிய தாள்களை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வை. சொல்லும்வரை அங்கேயே நில். சிரித்தவர்கள் சிரிக்கட்டும். பாட்டு அறைக்குப் போகாதே.

பெட்டியைத் திற.

அக்கா


நவம்பர் 14
(புள்ளி எழுத்தில்)

அக்கா,

திறந்துவிட்டேன். நான் நலம், இப்போது.

தாள்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். யாரோ, “பாட்டு ரூம் அந்தப் பக்கம்மா” என்றார்கள். “தெரியும், நான் கணக்கு மிஸ்ஸைப் பாக்க வந்தேன்” என்றேன். மிஸ் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார், பேனா கீறுகிற சத்தம் நிற்கவில்லை.

“நீங்க கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா மிஸ்?”

“இருக்கு. வலப்பக்கம் மூணு, மேல ரெண்டுன்னேன். நீ கழித்தல் மூணு, கூட்டல் ரெண்டுன்னே. இடப்பக்கம் அஞ்சுன்னேன். கூட்டல் அஞ்சுன்னே. ஏறுற கோட்டை எறங்குதுன்னே.” அதோடு பேனா நின்றது. “ஒண்ணுகூட மாறாம ஒரே மாதிரி தப்பு. தெரியாதவ அப்படித் தப்பு பண்ண மாட்டா. அங்கொண்ணு இங்கொண்ணு சரியா வந்துடும். ஒனக்கு எங்கேயோ ஒரே ஒரு எடத்துல ஏதோ ஆயிருக்கு. எதை வெச்சுடி படிச்சே?”

தாளைக் கொடுத்தேன். தடவிப் பார்த்தார், அவர் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனார். தாள் வெளிச்சத்தில் மடமடக்கிற சத்தம். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“உங்க அக்கா எழுத்தையெல்லாம் திருப்பிக் குத்திட்டு, படத்தை நேரா குத்திருக்கா. நீ தடவுற பக்கத்துல வலது இடதா வந்துருக்கு.”

ஆக, நான் உலகத்தையே இடதுபக்கமாகக் கற்றிருக்கிறேன், ரேடியோவையும் இழுத்துவிட்டு. என் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. எனக்குக் கிடைத்த தாளில் அதுதான் சரி. நூறு முறை தனியாகப் படித்திருந்தாலும் நூறு முறையும் சரியாகத்தான் இருந்திருக்கும். நீ வருத்தப்படாதே. நீ வருத்தப்பட்டால் உன் விரல் தடுமாறும், எனக்குத்தான் படிக்கக் கஷ்டம்.

தப்பென்று தெரியாமல் செய்கிற தப்பு என்று எழுதினாயே, ஒப்புக்கொள்கிறேன். மிஸ் எனக்கு இன்னும் ஒரு பாடமும் சொல்லித்தரவில்லை. கற்றது நான். ஆனால் ஏன் தப்பு என்று அவர் தேடினார் பார், அது எனக்குத் தனியாக வராது. எனக்கு அது வேண்டும். கேட்டுவிட்டுப் போகிற விஷயம் இல்லை, வகுப்பில் உட்கார்ந்து தினமும் வேண்டும்.

ஹெச்.எம். வேறு மாதிரி சொல்கிறார். மிஸ் என்னையும் கூட்டிக்கொண்டு போய்த்தான் பேசினார். ஹெச்.எம். சொன்னது இது: “கணக்குல பதியணும்னா பதிஞ்சுக்கட்டும். இவதான் தானாவே படிச்சிடறாளே, அப்புறம் வகுப்பு எதுக்கு? வீட்டுலேருந்து ஒரு கடுதாசி வாங்கிடுங்க. சொந்த முயற்சியில படிச்சுக்குவா, வகுப்புல எடம் கேக்க மாட்டோம், ஃபெயிலானா பள்ளிக்குப் பொறுப்பில்லைன்னு.” அப்பாவுக்கும் போன் போட்டார். அப்பா, “சும்மா கெடைக்கிற பாஸை யாராச்சும் வேணாம்பாங்களா டீச்சரம்மா, நீங்க பாத்துச் செய்யுங்க” என்றார். கணக்கில் தோற்றால் பத்தாவதே போய்விடும் என்று அவருக்குப் பயம். எனக்கும் பயம்தான். எனக்கு இல்லை என்று நினைக்காதே.

ஆனால் என்னைச் சேர்க்கும்போதே காப்பாளர் என்று அப்பா உன் பெயரைத்தான் போடச் சொன்னார். அந்தக் கடுதாசி உனக்குத்தான் வரும். கையெழுத்துப் போட்டால் நான் கணக்கில் பதியப்படுவேன். அக்கா, போடாதே. நான் தானாகப் படிப்பதை அவர்கள் சொல்லிக்கொடுக்காமல் இருப்பதற்குச் சாக்காக்கிக் கொடுக்காதே.

வாலு


நவம்பர் 27

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு விடுதி மாணவியின் காப்பாளர் என்ற முறையில் எழுதுகிறேன். தாங்கள் அனுப்பிய உறுதிமொழிக் கடிதம் கிடைத்தது. கையெழுத்திடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

என் தங்கை கணக்குப் பாடத்தில் பதிய விரும்புகிறாள். அதற்கு என் முழுச் சம்மதத்தைத் தனியாக எழுதி இணைத்திருக்கிறேன். அவள் தோற்றாலும் அந்தச் சம்மதம் மாறாது. அவள் சொந்தமாகப் படிப்பாள், அதை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் சொந்தமாகப் படிக்கிற பிள்ளைக்கு ஆசிரியர் தேவையில்லை என்று எழுதித்தர என்னால் இயலாது. அது உண்மையல்ல. அவள் படித்த தாளில் இருந்த பிழை என்னுடையது. அதை நானும் கண்டுபிடிக்கவில்லை, அவளும் கண்டுபிடிக்கவில்லை, தங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியைதான் கண்டுபிடித்தார். அத்தகைய ஆசிரியை இருக்கும் வகுப்பிலிருந்து அவளை வெளியே உட்காரவைப்பது எந்தக் காரணத்தால் என்று தாங்கள் எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதிவதற்குக் கடைசி நாளுக்கு முன் நேரிலும் வருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
காப்பாளர்


டிசம்பர் 16
(புள்ளி எழுத்தில்)

அன்புள்ள வாலுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. காலில் வீக்கம் இல்லை. நீ சாப்பிடுகிறாயா?

ஹெச்.எம். அறையில் நான் என்ன பேசினேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டும் அதற்குள் ஒரு பூவும் மட்டும் நினைவிருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து குழாயடியில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தேன். நீ வராந்தாவில் நின்றிருந்தாயாமே. நான் உளறியிருந்தால் மறந்துவிடு.

அப்பாவிடம் பேசினேன். அவர் கோபமாகத்தான் இருக்கிறார். “ரெண்டும் சேந்துக்கிட்டு என்ன வேணா பண்ணுங்க” என்றார். போனை வைப்பதற்கு முன்னால், “தோத்தா மறுபடி எழுத விடுவாங்களா?” என்று கேட்டார். விடுவார்கள் என்றேன்.

புதிய படங்களுக்குப் புத்தகப் பக்கத்தைத் தாளின் மேல் குப்புறத் திருப்பி வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கமாகத் தெரிகிற கோட்டின் மேல் குத்தியிருக்கிறேன். மிஸ்ஸிடம் ஒரு முறை காட்டிவிட்டுப் படி.

இனி சென்டர் விலாசத்துக்கு எழுத வேண்டாம். நம் வீட்டு விலாசத்துக்கே போடு.

அக்கா


ஜனவரி 11
(புள்ளி எழுத்தில்)

அக்கா,

வேலை போயிற்று, இல்லையா? விலாசத்தை மாற்றி எழுதிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டிருக்கிறாய். வேலை நாளில் லீவு போட்டுவிட்டு வந்தாய் என்பது எனக்கு அன்றே தெரியும். மாஸ்டருக்கு அவருடைய மாதிரி விடைகளை இனி அவரே எழுதட்டும். உடம்பு எப்படி, அம்மா எப்படி, அப்பா உன்னோடு பேசுகிறாரா? மூன்றுக்கும் ஒழுங்காகப் பதில் போடு. மழை பெய்கிறது என்று எழுதாதே.

நீ உளறவில்லை. வராந்தாவில் நானும் ரேடியோவும் கதவோரம் நின்றோம். நீ மொத்தமே கொஞ்சம்தான் பேசினாய். “பதிஞ்சுக்குங்க. வகுப்புல ஒரு எடம் குடுங்க. இந்தக் கடுதாசில கையெழுத்துப் போட மாட்டேன்.” ஹெச்.எம். என்னென்னவோ சொன்னார். பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி, மற்றப் பிள்ளைகளின் வேகம், மிஸ்ஸின் சுமை. ஒவ்வொன்றும் முடிந்ததும் நீ அதையே திரும்பச் சொன்னாய். “கொஞ்சம் சத்தமா பேசும்மா, ஒண்ணும் கேக்கல” என்றார். நீ சத்தத்தைக் கூட்டவே இல்லை. அதே குரலில் மறுபடி சொன்னாய். அடுத்த தடவை அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். ரேடியோ அதற்குப் பிறகு சாப்பாடுவரை வாய் திறக்கவில்லை. இந்த ஹாஸ்டலில் அது நடந்ததே இல்லை.

பதிந்துவிட்டார்கள். ரேடியோவும் பதிந்தாள். நான் கற்றுக்கொடுத்த இடதுபக்க உலகத்துக்கு நானே பொறுப்பு என்று என்னை மிரட்டிக்கொண்டிருக்கிறாள். மற்றவர்கள் பாட்டுக்கே போகிறார்கள், அவர்களுக்குப் பாட்டு வரும்.

இன்றுதான் முதல் நாள். மூன்றாவது பெஞ்சில் ஓரத்தில் இடம். பக்கத்தில் நெட்டையாக ஒருத்தி, ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுகிறார்கள், காலாண்டில் என்னைப் பார்த்து முதலில் சிரித்தவள் அவள்தான், குரல் தெரியும். சாக்பீஸ் கரும்பலகையில் ஓடியது. மிஸ், “இதோ பாருங்க, இந்தக் கோடு இப்படி வருது, அப்போ இது இதுக்குச் சமம்” என்றார்.

கையைத் தூக்கினேன். “எந்தக் கோடு மிஸ்? எப்படி வருது? எது எதுக்குச் சமம்?”

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. சாக்பீஸ் நின்றது. கையை இறக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பாட்டு அறையில் சார் சுருதிப் பெட்டியைத் திறக்கிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. இறக்கவில்லை.

“கையை எறக்கும்மா, சொல்றேன்” என்றார் மிஸ். குரலில் எரிச்சல் இருந்தது. அவருக்குச் சொல்ல வரவில்லை, அக்கா. இத்தனை வருடம் விரலால் காட்டியே நடத்தியிருக்கிறார். ஒரு வாக்கியம் தொடங்கி நிறுத்தினார், அழித்தார், மறுபடி தொடங்கினார். பிறகு மெதுவாக, கோட்டுக்குப் பெயர் வைத்து, எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எதை எங்கே வெட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாடத்தில் பாதிதான் முடிந்தது. மணி அடித்துவிட்டது. ஒட்டடைக்குச்சி என் பக்கம் குனிந்து, “ஏய், நாளைக்கும் கேளு. எனக்கும் எந்தக் கோடுன்னு தெரியாமத்தான் இருந்துச்சு” என்றாள்.

போகும்போது மிஸ் என் பெஞ்சருகே நின்றார். “ஒவ்வொரு ‘இதோ’வுக்கும் கையைத் தூக்கப்போறியா?”

“ஆமா மிஸ்.”

“இப்படியே போனா பாடத்தை முடிக்கவே முடியாது.”

“நீங்க முடிச்சா மட்டும் போதாது மிஸ். எனக்கும் முடியணும்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். “நாளைக்கு ஜியோமெட்ரி. ராத்திரி முன்னாடியே படிச்சிட்டு வா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

படித்துக்கொண்டிருக்கிறேன். பத்தாவதில் தோற்றாலும் தோற்பேன். கணக்கில் தோற்பேன், பாட்டு அறையில் பாஸாக மாட்டேன்.

நலமா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதே. நான் வகுப்பில் இருக்கிறேன்.

வாலு